கினோட்டோவை முதன்முதலாகக் குடிக்கப் போகிறவர்களுக்கு

கறுப்பாக இருக்கிறது, நுரைக்கிறது, கடையில் கோலாவுக்குப் பக்கத்திலேயே அடுக்கியும் வைத்திருக்கிறார்கள். அதனால் கோலா என்றே நினைத்து மடமடவென்று பாதி பாட்டிலைக் காலி செய்துவிட்டு, "என்னங்க இது, இருமல் மருந்து மாதிரி இருக்கு" என்று முகம் சுளிப்பவர்கள்தான் அதிகம். கினோட்டோவின் மேல் தப்பில்லை. முதலில் இனிக்கும், நடுவில் ஆரஞ்சுத் தோல் மணக்கும், விழுங்கிய பிறகுதான் கசப்பு வரும், வந்த கசப்பு லேசில் போகாது. இத்தாலிக்காரர்கள் அந்தக் கடைசிக் கசப்புக்காகவே இதைக் குடிக்கிறார்கள். தாகத்துக்குக் குடித்தால் இது எடுபடாது, கொஞ்சம் பொறுமை கேட்கிற பானம். அந்தப் பொறுமையை எப்படிச் செலவழிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

எழுத்தில் chinotto என்று இருக்கும், கடையில் கேட்கும்போது கினோட்டோ என்றே கேளுங்கள். சினோட்டோ என்றாலும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், ஆனால் இத்தாலியில் அப்படி யாரும் சொல்வதில்லை.

கையில் இருப்பது என்ன

கினோட்டோ என்பது பானத்தின் பெயர் மட்டுமில்லை, பழத்தின் பெயரும் அதுதான். கசப்பு ஆரஞ்சு வகையைச் சேர்ந்த ஒரு குட்டிப் பழம், எலுமிச்சை அளவுதான் வரும். மரமும் சின்னது, முள் கிடையாது, இலைகள் நெருக்கமாகவும் மிகச் சிறியதாகவும் இருக்கும், கிளை நுனியில் பழங்கள் கொத்துக் கொத்தாக ஒன்றையொன்று இடித்துக்கொண்டு காய்க்கும். இத்தாலியின் வடமேற்குக் கடற்கரையில் லிகூரியா என்ற மாநிலம் இருக்கிறது, அதில் சவோனா என்ற துறைமுக நகரம். இந்தப் பழத்துக்குப் பெயர்போன ஊர் அதுதான். 16-ஆம் நூற்றாண்டில் சவோனாக்காரர் ஒருவர் சீனாவிலிருந்து இந்த மரத்தைக் கப்பலில் கொண்டுவந்தார் என்று அங்கே ஒரு கதை உண்டு. கதை எவ்வளவு உண்மையோ, பழத்தின் பெயரிலேயே சீனா ஒட்டிக்கொண்டுவிட்டது. சிசிலியிலும் கலாப்ரியாவிலும்கூட இது விளைகிறது.

பச்சையாகச் சாப்பிட முடியாது, அவ்வளவு கசப்பும் புளிப்பும். நாரத்தங்காயை அப்படியே கடித்துப் பார்த்தவர்களுக்கு எந்த ரகக் கசப்பு என்று புரிந்துவிடும். நாம் நாரத்தங்காயை உப்பில் ஊறப்போட்டு வழிக்குக் கொண்டுவந்தோம், சவோனாக்காரர்கள் உப்புநீரில் ஊறவைத்து, மேல்தோலை மெல்லிசாகச் சீவி, அப்புறம் சர்க்கரைப் பாகில் திரும்பத் திரும்பப் போட்டு வழிக்குக் கொண்டுவந்தார்கள். இந்தத் தொழில் அங்கே பெரிதாக வளர்ந்தது. சில்வெஸ்த்ர் அல்லெமாண்ட் என்ற பிரெஞ்சு மிட்டாய் நிறுவனம், தெற்கு பிரான்ஸின் ஆப்த் என்ற ஊரிலிருந்து 1877-இல் பட்டறையையே சவோனாவுக்கு மாற்றிக்கொண்டு வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மராஸ்கினோ என்ற செர்ரி மதுவில் ஊறிய கினோட்டோவை, சாப்பாட்டுக்குப் பிறகு செரிமானத்துக்காக ஒன்று வாயில் போட்டுக்கொள்ளும் வழக்கமும் இருந்தது.

பானம் அதற்கெல்லாம் பிந்தியது. 20-ஆம் நூற்றாண்டில்தான், அதுவும் கோக்கா-கோலா 1927-இல் இத்தாலிக்குள் வந்த பிறகு, உள்ளூர்க் கறுப்புக் குளிர்பானம் என்ற இடத்தை இது பிடித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகான வருடங்களில் நல்ல மவுசு. அப்புறம் கோலாவே ஜெயித்துவிட்டது, கினோட்டோ அப்பா தாத்தா குடிக்கும் பானம் என்று ஆகிப்போனது. இப்போது கொஞ்ச காலமாக மறுபடி தலைகாட்டுகிறது. சவோனாக் கினோட்டோவை, அழியக் கூடாத உணவுகளுக்கான தன் காப்புப் பட்டியலில் ஸ்லோ ஃபுட் இயக்கம் சேர்த்ததற்கும் இதில் பங்கு உண்டு.

எந்தப் பாட்டிலை வாங்குவது

முதல் தடவை என்பதால் இதில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஏனென்றால் கினோட்டோ என்று பெயர் போட்ட எல்லாமே ஒரே சுவையில் இருக்காது. சிலவற்றில் கசப்பு பேருக்குத்தான் இருக்கும், சிலவற்றில் வாய் முழுக்கப் பிடித்துக்கொள்ளும்.

இத்தாலிக்கு வெளியே சுலபமாகக் கிடைப்பது சான் பெல்லெக்ரினோ. குட்டிக் கண்ணாடிப் பாட்டிலிலும் டின்னிலும் வரும். இனிப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தாலும் கசப்பும் மணமும் சரியான இடத்தில் வரும், ஆரம்பிப்பதற்கு இது போதும். இத்தாலிக்குள்ளே போனால் நேரி என்ற பழைய பிராண்ட் உண்டு. ரோமுக்கு வடக்கே கப்ரானிக்கா என்ற ஊர்க்காரர்கள், 1949-இலிருந்து செய்கிறார்கள். பாட்டிலில் பெயரை முழுதாக எழுதாமல் பின்பாதிக்கு 8 என்ற எண்ணைப் போட்டிருப்பார்கள் (otto என்றால் இத்தாலிய மொழியில் எட்டு), அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சிசிலிப் பக்கம் போலாரா, தொமார்கியோ. வெனெத்தோவில் ரெக்கோவாரோ.

கொஞ்சம் கூடச் செலவழிக்கத் தயார் என்றால் லுரிசியா அல்லது பலாடின். இரண்டுமே பியெமொந்தே மாநிலத்தைச் சேர்ந்தவை, லுரிசியா ஊற்றுநீர் நிறுவனம், பலாடின் பியோத்சோ என்ற ஊரில் இருக்கும் பீர்க் கூடம். இரண்டுமே சவோனாப் பழத்தைப் போட்டுச் செய்கின்றன, தோலின் மணம் இவற்றில் நன்றாகத் தெரியும். ஒரு வேடிக்கை பாருங்கள், கோலாவுக்கு மாற்று என்று தேடிப்போய் வாங்கும் அந்த லுரிசியாவை 2019-இல் வாங்கியது கோக்கா-கோலாவை பாட்டிலில் நிரப்பும் நிறுவனம்தான். சுவைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சும்மா சொன்னேன்.

டொராண்டோவில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே பீட்சாக் கடைக் குளிர்பெட்டியில் பிரியோ என்று ஒன்று நிற்கும், அதுவும் கினோட்டோ வகைதான், கனடாச் சரக்கு. குடிக்க நன்றாகவே இருக்கும், ஆனால் அது சாதுவானது. கினோட்டோ இவ்வளவுதானா என்று அதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள்.

லேபிளில் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, பழத்திலிருந்து என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பது. சுக்கோ என்றால் சாறு, இன்ஃபூசோ என்றால் பழத்தையோ தோலையோ ஊறவைத்து எடுத்த நீர், எஸ்த்ராத்தோ என்றால் பிழிந்தெடுத்த சத்து, அரோமி என்று மட்டும் இருந்தால் வெறும் மணமூட்டி. அரோமி மட்டும் போட்டது மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் முதல் அனுபவத்துக்கு அது வேண்டாம். இரண்டாவது, சர்க்கரை. கசப்பை மூட வேண்டும் என்பதால் கினோட்டோவில் சர்க்கரை கணிசமாகவே இருக்கும், கசக்கிறதே, உடம்புக்கு நல்லதாக இருக்கும் என்று ஏமாற வேண்டாம். 100 மில்லிக்கு எத்தனை கிராம் என்று போட்டிருப்பார்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மூன்றாவது, நிறம். அந்தக் கறுப்பு பழத்திலிருந்து வருவது இல்லை, பெரும்பாலான பாட்டில்களில் காராமெல் நிறமி சேர்ப்பதால் வருவது, லேபிளில் ஈ150டி என்று இருக்கும். கறுப்பாக இருப்பதால் காஃபின் இருக்குமோ என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நிறத்துக்கும் காஃபினுக்கும் தொடர்பில்லை, சேர்த்திருந்தால் சேர்மானப் பட்டியலில் எழுதியே ஆக வேண்டும்.

இன்னொன்று, இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கசப்பு ஆரஞ்சுச் சாறும், கிரேப் ஃப்ரூட் (திராட்சை இல்லை, பம்ப்ளிமாஸ் மாதிரியான பழம்) போலவே சில மருந்துகள் உடம்பில் கரையும் வேகத்தை மாற்றக்கூடியது. ஒரு பாட்டில் குளிர்பானத்தில் சாறு கொஞ்சம்தான் இருக்கும் என்றாலும், இரத்த அழுத்தத்துக்கோ கொழுப்புக்கோ மாத்திரை எடுப்பவர்களிடம் மருத்துவர் ஏற்கெனவே கிரேப் ஃப்ரூட் கூடாது என்று சொல்லியிருந்தால், இதையும் அவரிடம் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

குளிரும் கிளாஸும்

ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் போதும், ஃப்ரீசரில் போட வேண்டாம். குளிர் அதிகமானால் நாக்குக்கு இனிப்பு சரியாகத் தெரியாது, மணமும் மேலே எழும்பாது, மிச்சம் இருப்பது கசப்பும் காஸும்தான். அந்த நிலையில் குடித்துவிட்டுத்தான் பலர் பிடிக்கவில்லை என்கிறார்கள். வெதுவெதுப்பாகக் குடித்தால் அதற்கு நேரெதிர், பாகு மாதிரித் திகட்டும்.

பாட்டிலிலிருந்தோ டின்னிலிருந்தோ நேராகக் குடிக்காதீர்கள். இந்தப் பானத்தில் பாதிச் சமாச்சாரம் மூக்கில்தான் நடக்கிறது, டின்னின் துளையில் மூக்குக்கு வேலையே இல்லை. வாய் அகலமான கிளாஸ், மூக்கு உள்ளே போகிற அளவுக்கு இருந்தால் சரி. கிளாஸில் சோப்பு வாசனை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தாலிய பாரில் கேட்டால் பெரும்பாலும் ஐஸும் ஒரு வட்டத் துண்டு எலுமிச்சையும் போட்டே கொண்டுவருவார்கள். அங்கே பார் என்பது காப்பிக் கடைதான், மதுக்கடை என்று தயங்க வேண்டாம், குழந்தைகளோடு போய் நிற்கலாம். ஆனால் முதல் கிளாஸுக்கு இரண்டுமே வேண்டாம் என்பேன். ஐஸ் உருகி நீர்த்துவிடும், எலுமிச்சையின் மணம் கினோட்டோவின் மணத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். ரெண்டாவது கிளாஸில் போட்டுக்கொள்ளுங்கள், அப்போது எது என்ன செய்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

குடிக்கும் விதம்

கிளாஸைச் சாய்த்துப் பிடித்து மெதுவாக, பாதி அளவு ஊற்றுங்கள். வெளிர் பழுப்பில் நுரை எழும்பி, சளசளவென்று சத்தம் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் ஒரு வளையம் மட்டும் மிஞ்சும். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள், கறுப்பு என்று நினைத்தது கறுப்பாக இருக்காது. நடுவில் அடர்பழுப்பு, ஓரத்தில் செம்பழுப்பு.

உடனே குடிக்க வேண்டாம், காஸ் கொஞ்சம் அடங்கட்டும். ஊற்றியவுடன் முகர்ந்தால் கரியமில வாயு மூக்கில் சுருக்கென்று ஏறும், வேறு எதுவும் தெரியாது. ஒரு நிமிடம் கழித்து முகருங்கள். முதலில் கருகிய சர்க்கரை மணம் வரும், அது நிறமியோடும் பாகோடும் வருவது. அதற்கு அடியில் ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறும்போது தெறிக்குமே ஓர் எண்ணெய் மணம், அது இருக்கும். சில பாட்டில்களில் அதற்கும் பின்னால் ஏதோ பச்சிலை, கிராம்பு, பட்டை மாதிரி ஒன்று எட்டிப் பார்க்கும், ஏனென்றால் நிறுவனங்கள் தங்கள் தங்கள் மூலிகைச் சாறுகளையும் கலக்கின்றன, எது எவ்வளவு என்று வெளியில் சொல்வதில்லை. எதுவுமே தெரியவில்லை என்றாலும் பரவாயில்லை, கிளாஸை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி முகருங்கள்.

இப்போது முதல் வாய். சின்னதாக ஒரு மிடறு, வாய் முழுக்கப் படர விட்டு, இரண்டு மூன்று நொடி வைத்திருந்து விழுங்குங்கள். இனிப்பு முதலில் வரும், அதோடு லேசான புளிப்பு. காஸும் ஒரு புளிப்புதான், அதைப் பழப் புளிப்பு என்று எண்ணிவிட வேண்டாம். இதுவரை கோலா மாதிரியே இருக்கும், "இதுக்கா இவ்வளவு பேச்சு" என்று தோன்றும்.

விழுங்கிய பிறகு வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். இந்த ஒரு காரியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், மீதி எதை மறந்தாலும் சரி. தொண்டையிலிருந்து மேலே ஏறும் அந்த மூச்சோடு தோலின் மணம் முழுசாக வரும், கிளாஸில் முகர்ந்தபோது கிடைத்ததைவிடத் தெளிவாக. அப்புறம் சும்மா இருங்கள். அடுத்த மிடறு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், பேசவும் வேண்டாம். இனிப்பு மெல்ல வடியும், அது வடிகிற இடத்தில் கசப்பு எழும்பும். அடிநாக்கில் ஆரம்பித்து, தொண்டைப் பக்கம் போய், கன்னத்தின் உள்பக்கம் லேசான துவர்ப்போடு நிற்கும். பாட்டிலைப் பொறுத்து அரை நிமிடமும் நிற்கும், அதற்கு மேலும் நிற்கும். அது கூடுகிறதா, அப்படியே நிற்கிறதா, மழுங்குகிறதா என்று கவனியுங்கள். நல்ல கினோட்டோவில் கசப்பு கூர்மையாக இருக்காது, சாய்ந்து சாய்ந்து இறங்கும், இறங்கிய பிறகு வாய் சுத்தமாக இருக்கும். மட்டமானதில் கசப்பு சட்டென்று அறுந்துபோய் பிசுபிசுப்பான இனிப்பு மட்டும் பல்லில் ஒட்டிக்கொண்டு நிற்கும். நல்லது எது என்று நான் பார்க்கும் இடம் இதுதான், மணமோ நிறமோ இல்லை.

கசப்பு முழுசாக இறங்கிய பிறகு இரண்டாவது மிடறு. இப்போது ஒரு மாற்றம் தெரியும். வாயில் ஏற்கெனவே கசப்பு தடவியிருப்பதால் இந்த முறை இனிப்பு தனியாகத் துருத்திக்கொண்டு வராது, இரண்டும் சேர்ந்தே வரும். மூன்றாவது, நான்காவது மிடறுக்குள் நாக்கு பழகிவிடும். ஆகவே முதல் மிடறை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம், பாதி கிளாஸ் போகட்டும். கடைசிப் பாதி கொஞ்சம் சூடேறி, காஸ் குறைந்திருக்கும்போது ஒரு மிடறு மிச்சம் வைத்துக் குடித்துப் பாருங்கள், பழத்தின் சுவை உண்மையில் இருக்கிறதா இல்லையா என்பது அப்போது அம்பலமாகும்.

சிலருக்குப் பிறவியிலேயே கசப்பு அதிகமாகத் தெரியும், மரபணு அப்படி. பக்கத்தில் இருப்பவர் "கசப்பே இல்லையே" என்று சொல்லி நீங்கள் தவித்துக்கொண்டிருந்தால், இருவர் சொல்வதும் சரிதான். அப்படிப்பட்டவர்கள் அடுத்த பத்தியை விட வேண்டாம்.

கூடக் கொறிக்க

உப்பு. கசப்பை அடக்குவதில் சர்க்கரையைவிட உப்பு கெட்டிக்காரத்தனமாக வேலை செய்யும். இத்தாலியில் சாயங்காலம், இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் பாரில் உட்கார்ந்து கசப்பாக ஏதாவது குடிப்பது ஒரு பழக்கம், அப்போது கூடவே ஒரு சின்னக் கிண்ணத்தில் உப்புப் போட்ட கடலை, உருளைக்கிழங்கு சிப்ஸ், ஆலிவ் காய் வந்துவிடும், பெரும்பாலும் தனியாகக் காசு வாங்க மாட்டார்கள். வீட்டில் வறுத்த முந்திரி இருந்தாலும் போதும். ஒரு மிடறு, ஒரு கடி, மறுபடி ஒரு மிடறு. கசப்பு பின்வாங்கி ஆரஞ்சு முன்னால் வருவதைப் பார்க்கலாம்.

சவோனாவிலேயே இருந்தால் ஃபரினாத்தா வாங்குங்கள். கடலை மாவை நீர்க்கக் கரைத்து, ஆலிவ் எண்ணெய் தாராளமாக விட்டு, அகலமான செப்புத் தட்டில் ஊற்றி விறகடுப்பில் சுடுவது. ஓரம் முறுகலாகவும் நடு மெத்தென்றும் இருக்கும். சவோனாவில் இதைக் கோதுமை மாவில் வெள்ளையாகவும் செய்வார்கள். சூடான எண்ணெய்ப் பலகாரத்துக்குப் பிறகு கினோட்டோ வாயைக் கழுவிவிட்டது போல இருக்கும்.

காரமான சாப்பாட்டோடு முதல் தடவை வேண்டாம். மிளகாய்க் காரம் இருக்கும் வாயில் காஸ் பட்டால் எரிச்சல்தான் கூடும், அந்தக் கலவரத்தில் பின்னால் வருகிற கசப்பு யார் கண்ணிலும் படாது. கேக், மிட்டாய் வகைகளும் வேண்டாம், இனிப்பு தின்ற வாய்க்குக் கினோட்டோ வெறும் கசப்பாகத் தெரியும். கறுப்பு சாக்லெட் மட்டும் விதிவிலக்கு.

அடுத்து என்ன

பிடித்துவிட்டது என்றால், அடுத்த முறை இரண்டு பாட்டில் வாங்கி அடுத்தடுத்து வைத்துக் குடித்துப் பாருங்கள், ஒன்று விலை குறைந்தது, ஒன்று சவோனாப் பழம் என்று போட்டது. நடுவில் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டித் துண்டும். கசப்பு குறைந்ததை முதலில், கூடியதைப் பிறகு. மாற்றிக் குடித்தால் முதலாவது வெறும் சர்க்கரைத் தண்ணீர் ஆகிவிடும்.

அங்கிருந்து மேலே போக வழி நிறைய. சான்பித்தேர் என்று செக்கச்செவேலென்று ஒரு குட்டிப் பாட்டில், க்ரோதினோ என்று ஆரஞ்சு நிறத்தில் இன்னொன்று, இரண்டிலும் மது கிடையாது, இரண்டும் கினோட்டோவைவிடக் கசப்பில் ஒரு படி முன்னால். மால்ட்டாவில் கின்னி இருக்கிறது, 1952-இலிருந்து கசப்பு ஆரஞ்சிலும் மூலிகைகளிலும் செய்வது, கினோட்டோவின் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். மது அருந்துபவர்கள் இந்த வழியாகக் காம்பாரி என்ற சிவப்பான கசப்பு மதுவுக்குப் போவது வழக்கம். காம்பாரியிலும் கினோட்டோ இருக்கிறது என்று பேச்சு உண்டு, செய்முறை ரகசியம் என்பதால் அது பேச்சாகவே நிற்கிறது.

பிடிக்கவில்லை என்றால் பாட்டிலைக் கொட்ட வேண்டாம். சாதாரண சோடாவில் பாதிக்குப் பாதி கலந்து, ஆரஞ்சுத் துண்டு ஒன்றைப் பிழிந்து போட்டுப் பாருங்கள், இனிப்பும் கசப்பும் இரண்டுமே இறங்கிவிடும். அதுவும் ஆகவில்லையா, அரன்ச்சாத்தா அமாரா என்ற கசப்பு ஆரஞ்சுப் பானத்தை வாங்கிப் பாருங்கள். அதில் கசப்பு உண்டு, ஆனால் பழம் முன்னாலேயே நின்று கைகொடுக்கும், காராமெல் குழப்பமும் இல்லை. அதையும் தாண்டிப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், இத்தாலியிலேயே கினோட்டோவைத் தொடாதவர்கள் ஏராளம்.

திறந்த பாட்டிலை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் அடுத்த நாள் காஸ் இல்லாமல் இருக்கும், குடிக்க லாயக்கில்லை. அதை ஒரு சின்னப் பாத்திரத்தில் ஊற்றி, நாலில் ஒரு பங்காகச் சுண்டும்வரை சிறுதீயில் காய்ச்சி ஆறவைத்து, வெனிலா ஐஸ்கிரீம் மேல் ஊற்றிக்கொள்ளுங்கள். கடைசி ஐந்து நிமிடம் அடுப்பை விட்டு நகர வேண்டாம், சட்டென்று அடிப்பிடிக்கும்.